சிறந்த ஆங்கில ஆசிரியர் பாராட்டுத் திட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே சுற்றுக்கு விடப்பட்டுள்ளது. உறுப்பினர் சேர்க்கை, சந்தா விவரங்களைப் பொருளாளர் படிப்பார். சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதியை இவ்வாண்டு எடுத்துக்கொண்ட ஒரு பணியைப் பற்றியே இந்த அறிக்கை பேசுகிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்களில் மிகச் சிறப்பாகச் செய்பவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பாராட்டும் திட்டம்தான் அது.

அரசு விருதுகள் இருக்கும்போது இது எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. மாநில நல்லாசிரியர் விருதான டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது 10,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் சான்றிதழும் கொண்டது. தேசிய விருதில் 50,000 ரூபாய். தேசிய விருதுக்கு 2018 முதல் ஆசிரியரே இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் உயர்ந்த விருதுகள். நம் உறுப்பினர்கள் தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும். ஆவணங்களைச் சேர்க்கச் சங்கம் உதவும். ஆனால் அவை பாடவாரியாகத் தரப்படுபவை அல்ல. ஆசிரியரின் முழுப் பணியையும் பார்ப்பவை. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளையை அந்த மொழியில் வாசிக்கவும் இரண்டு வாக்கியம் சொந்தமாகச் சொல்லவும் வைப்பது தனித் திறமை. அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கில் எடுப்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்ததில் சிலருக்கு மனக்குறை உண்டு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சிக்குரிய 35 மதிப்பெண் எடுக்க மனப்பாடப் பாடலும் கடித வடிவமும் சில வினாக்களின் ஆயத்த விடைகளும் பெருமளவு கைகொடுத்துவிடும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று பிழையில்லாமல் விடுப்புக் கடிதம் எழுதும் பிள்ளை, தலைவலி என்று மாற்றி எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணை ஆசிரியரின் மொழி கற்பித்தலுக்குச் சான்றாக எப்படி எடுப்பது? இதில் பழைய பாடம் ஒன்றும் இருக்கிறது. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ்.பிரபு தலைமையில் நடந்த பெங்களூர் திட்டத்தில், சென்னைப் பள்ளிகள் உட்படச் சில வகுப்புகளில் இலக்கண வரிசையை விட்டுவிட்டு, சிந்தித்துச் செய்யும் பணிகள் மூலம் ஆங்கிலம் கற்பித்தார்கள். ஆய்வாளர்கள் பெரெட்டாவும் டேவிசும் அதை மதிப்பிட்டு 1985-ல் வெளியிட்டபோது, இலக்கண அமைப்பைச் சோதித்த தேர்வில் வழக்கமான வகுப்புகளும், பணி அடிப்படையிலான தேர்வில் திட்ட வகுப்புகளும் முந்தின. எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதே பாதித் தீர்ப்பு. அதனால் கோலை முதலில் ஒழுங்காகச் செய்ய வேண்டியிருந்தது.

பரிந்துரைப் படிவம் இரண்டு பக்கம்தான். நல்ல ஆசிரியர்களில் பலர் தாங்களாக விண்ணப்பிக்க மாட்டார்கள் என்பதால் சக ஆசிரியர், தலைமை ஆசிரியர், ஆசிரியர் பயிற்றுநர், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் ஆகிய யாரும் பரிந்துரைக்கலாம். ஆசிரியரின் ஒப்புதல் கையெழுத்து கட்டாயம். புகைப்பட ஆல்பம், நாளிதழ் நறுக்கு, பழைய சான்றிதழ் நகல் எதுவும் வாங்குவதில்லை. கோப்பு தடித்தால் அதைத் தயாரிக்க நேரம் கிடைத்தவருக்கே முன்னுரிமை போய்விடுகிறது; ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் சமாளிப்பவருக்கு அந்த நேரம் இல்லை. ‘அர்ப்பணிப்பு உணர்வுடன் அயராது உழைப்பவர்’ என்ற வகை வரிகளால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. எந்த வகுப்பு, பிள்ளைகளால் முன்பு எது முடியவில்லை, இவர் என்ன செய்தார், இப்போது என்ன முடிகிறது என்ற நான்கு கேள்விக்கும் விடை இருந்தால் போதும். விடை இல்லாத படிவம் பரிந்துரைத்தவருக்கே திரும்பிப் போகும். நிராகரிப்பாக அதைக் கொள்ள வேண்டாம்.

வாசிப்புச் சோதனைதான் திட்டத்தின் முதுகெலும்பு. ஜூலையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. வருகைப் பதிவேட்டு எண்களைச் சீட்டுக் குலுக்கி 11 பிள்ளைகளை எடுக்க வேண்டும். வகுப்பில் அதைவிடக் குறைவாக இருந்தால் எல்லோரும். ஆசிரியர் பொறுக்கித் தரும் பிள்ளைகளை ஏற்கக் கூடாது. ஐந்தாம் வகுப்புக்கு 80 சொல் அளவில், பாடநூலில் இல்லாத, ஆனால் அதே தரத்திலான பத்தி இரண்டு தயாராக இருக்கும். ஆறு பேர் முதல் பத்தியும் ஐந்து பேர் இரண்டாவதும் படிப்பார்கள். ஜனவரியில் மாற்றித் தரப்படும். ஒரே பத்தியை இரு முறையும் கொடுத்தால் இடையில் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எல்லோருக்கும் புதுப் பத்தி ஒன்றைக் கொடுத்தாலோ முன்னேற்றம் பிள்ளையால் வந்ததா, பத்தி எளிதாக இருந்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

நேரம் ஒரு நிமிடம். படித்த சொற்களில் பிழையைக் கழித்தால் கிடைப்பது கணக்கு. எது பிழை என்பதில்தான், பள்ளிக்குச் சென்று மதிப்பிடும் நம் பார்வையாளர்களுக்குள் அதிகம் வேறுபடுகிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். சொல்லை விட்டுவிடுவது பிழை. மூன்று விநாடி தயங்கி நின்றால் நாமே சொல்லைச் சொல்லி நகர்த்த வேண்டும், அதுவும் பிழை. ‘ஹார்ஸ்’ என்று இருப்பதை ‘ஹவுஸ்’ என்று படித்தால் பிழை. முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது பிள்ளை என்பதற்கு அது அடையாளம், ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தவறாகத் தொடங்கித் தானே திருத்திக்கொண்டால் பிழை இல்லை. ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும் ‘ஷாப்’ என்பதைச் ‘சாப்’ என்றும் ‘பஸ்’ என்பதைப் ‘பஸ்ஸு’ என்றும் படிப்பது பிழையே இல்லை. அது நம் நாவின் பழக்கம். எழுத்தைப் பார்த்துத்தான் பிள்ளை படித்திருக்கிறது. இதற்கெல்லாம் மதிப்பெண் குறைத்தால் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் முன்னுக்கு வர முடியாது.

முதல் வரியில் ஒரு சொல்லும் வராத பிள்ளையை நிறுத்திவிட்டு, மூன்றெழுத்துச் சொல் அட்டைகளுக்குப் போய்விட வேண்டும். நிமிடம் முடியட்டும் என்று காத்திருந்து பிள்ளையைக் கூசவைக்கக் கூடாது. பத்தியைக் கடகடவென்று சொல்லிக்கொண்டே போகும் பிள்ளை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் கேளுங்கள், உடனே தெரிந்துவிடும். படித்து முடித்ததும் பொருள் பற்றி மூன்று கேள்வி. தமிழில் விடை சொல்லலாம். பொருள் புரிந்ததா என்று பார்க்கும்போது பேச்சுத் திறனைச் சேர்த்து அளக்கக் கூடாது.

சராசரி எடுப்பதில்லை. 11 எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி ஆறாவதை எடுக்கிறோம். ஆங்கில வழிப் பள்ளியிலிருந்து வந்த சரளமான பிள்ளை ஒன்று இருந்தாலே சராசரி மேலே போய்விடும். நடு எண் அப்படி அசையாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்ற பிள்ளையின் எண்ணை இரண்டு கணக்கிலிருந்தும் நீக்க வேண்டும். தாளில் பிள்ளைகளின் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு வாசிப்பு வேகம் பொருந்தாது என்பதால் ஒரு படத்தைக் கொடுத்து 15 நிமிடத்தில் 80 சொல் எழுதச் சொல்கிறோம்.

அடுத்தது நோட்டுகள். இதற்கும் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கட்டுரை நோட்டு மூன்றை அருகருகே விரித்தால் போதும்: மூன்றிலும் வரிக்கு வரி ஒரே கட்டுரை இருந்தால் அது கரும்பலகையிலிருந்தோ கைடிலிருந்தோ வந்தது. அழகான கையெழுத்தில் மயங்க வேண்டாம். பிழையோடு, ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டு, ஆசிரியர் ஓரிரண்டு பிழைகளை மட்டும் சுட்டி, பிள்ளை அதைத் திருத்தி மறுபடி எழுதியிருக்கும் நோட்டே நமக்கு வேண்டியது. பக்கம் முழுவதும் சிவப்பு மையால் திருத்தித் தந்தால் பிள்ளை எதையும் பார்ப்பதில்லை.

வகுப்புப் பார்வைக்கு இருவர் செல்வார்கள். 40 நிமிடப் பீரியடில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, அந்த நொடியில் யார் வாயில் மொழி இருக்கிறது என்று குறிக்க வேண்டும்: ஆசிரியரா, ஒரு பிள்ளையா, இருவர் இருவராகவா, வகுப்பே சேர்ந்தா, அல்லது அமைதியான வேலையா. 20 குறிகள் கிடைக்கும். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வதைப் பங்கேற்பு என்று எண்ணிவிடுவதுதான் புதிய பார்வையாளர்களின் வழக்கமான தவறு. அந்த ஓசைக்குள் வாயசைக்கும் பிள்ளைகள் எத்தனை என்று பின்வரிசையில் உட்கார்ந்தால்தான் தெரியும். முன்பே நடத்திய பாடத்தை நமக்காக மறுபடி நடத்துவதும் உண்டு. கேள்வி முடியுமுன் விடை வந்தால் சந்தேகப்பட வேண்டும். இதற்காகவே பார்வை இரண்டு முறை. இரண்டாவது முறை, எந்த வாரம் என்று மட்டும் சொல்வோம்.

ஆசிரியர் வகுப்பில் தமிழ் பேசியதற்காக மதிப்பெண் குறைத்த பார்வைத் தாள்களைக் குழு ஏற்கவில்லை, இனியும் ஏற்காது. ஒரு சொல்லின் பொருளைத் தமிழில் நொடியில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புபவர் நேரத்தை மிச்சப்படுத்துகிறார். பாடத்தை வரி வரியாக மொழிபெயர்த்து, பிள்ளை ஆங்கில வரியைப் பார்க்கவே தேவையில்லாமல் செய்வது வேறு. அதற்குத்தான் குறைக்க வேண்டும்.

100 மதிப்பெண்ணில் வகுப்புப் பார்வைக்கு 40, பிள்ளைகளின் எழுத்து வேலைக்கு 30, வாசிப்பு முன்னேற்றத்துக்கு 20, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் பிறவற்றிலும் சக ஆசிரியர்களுக்குச் செய்த உதவிக்கு 10. பார்வையாளர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் முன்பே தனித்தனியே எழுதி உறையில் இட வேண்டும். 10-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் போவார். பார்வையாளர் அதே பள்ளியையோ உறவையோ சேர்ந்தவராக இருக்கக் கூடாது. பணிமூப்புக்கும் ஓய்வுபெறும் ஆண்டுக்கும் மதிப்பெண் இல்லை. ஓய்வுபெறுபவர்களைத் தனி விழாவில் மனமாரப் பாராட்டுவோம், அது அவர்களுக்கு உரியது. இந்தப் பட்டியலோடு கலக்க வேண்டாம்.

தொடக்கப் பள்ளி இடைநிலை ஆசிரியர்களைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாப் பாடமும் எடுப்பதால் அவர்களை யாரும் ‘ஆங்கில ஆசிரியர்’ என்று நினைப்பதில்லை. பரிந்துரைகள் பத்தாம் வகுப்புப் பட்டதாரி ஆசிரியர்களையும் மேல்நிலை முதுகலை ஆசிரியர்களையும் சுற்றியே வருகின்றன. பிள்ளை முதன்முதலில் ஆங்கில எழுத்தைப் பார்ப்பது இடைநிலை ஆசிரியரிடம். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் தொடங்கியதிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்து நடத்துபவர்களும் அவர்களே. ஆகவே விருதுகளில் பாதி தொடக்கப் பள்ளிகளுக்கு என்ற செயற்குழுத் தீர்மானத்தைப் பொதுக்குழு உறுதிசெய்ய வேண்டுகிறேன்.

கால அட்டவணை எளிதல்ல. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரி முதல் செய்முறைத் தேர்வுகள். இடையில் வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள். அதனால் முதல் பார்வை ஆகஸ்டில், இரண்டாவது நவம்பரில், மழையால் தவறும் பார்வைகளுக்காக ஜனவரியின் முதல் இரு வாரம் இருப்பு. முடிவு மார்ச்சுக்குள் வந்தாக வேண்டும். பொது மாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் நோட்டும் கிடைக்காது, பிள்ளைகளும் கிடைக்க மாட்டார்கள். அனுமதிக் கடிதம் இரண்டு வாங்க வேண்டும்: தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் மாவட்டக் கல்வி அலுவலர்கள் தனித்தனி. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றுக்கும் அதுவே செல்லும் என்று பள்ளி வாசலில் நிற்க நேர்ந்தால் ஒரு வேலைநாள் வீண்.

பொன்னாடையும் நினைவுப் பரிசும் வழக்கம்போல உண்டு. அவற்றைவிட முக்கியம் பாராட்டுரை. விருதாளரின் பெயரை மாற்றி வேறொருவருக்குப் படித்தால் பொருந்திவிடுகிறது என்றால் அந்தப் பாராட்டுரையைக் குழு மறுபடி எழுத வேண்டும். வகுப்பு, தொடக்க நிலை, செய்த உத்தி, ஜனவரி நிலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் வைக்கத்தக்க ஆவணமாக அது அமையும். விழாவில் சிறப்பு விருந்தினர் உரையைக் குறைத்து, விருதாளர் தன் உத்தியை 20 நிமிடம் செய்து காட்ட இடம் ஒதுக்கப்படும். வகுப்பறைக்கு, எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் பரிசாகப் போகும். பீரோவில் பூட்டி வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பார்வையாளர் பயிற்சி ஜூன் கடைசிச் சனிக்கிழமை. பதிவுசெய்த ஒரே வகுப்பு ஒலிப்பதிவைக் கேட்டு எல்லோரும் மதிப்பெண் இட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே பயிற்சி. விருப்பமுள்ளவர்கள், முக்கியமாக ஆசிரியைகள், இன்றே பெயர் தர வேண்டும். பார்வையாளர்கள் பள்ளி நாளில் செல்ல வேண்டியிருப்பதால் தற்செயல் விடுப்பு எடுக்காமல் மாற்றுப் பணியாகக் கருத அனுமதி கோரும் மனு தயாராக உள்ளது. பொதுக்குழு ஒப்புதல் தந்தால் திங்கட்கிழமை இரு அலுவலகங்களிலும் நேரில் கொடுக்கப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்