2024 ஆண்டறிக்கை: செயலாளர் எழுதுவது

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் ‘பெலால்’ புயல் வந்து நம் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயி வெள்ளக்காடானது நினைவிருக்கும். அதனால் நம் வானியல் குழுவின் முதல் கூட்டமே காவடி முடிந்த பிறகுதான் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், நான் அதில் கை வைக்கவில்லை.

பேச்சுகளில் இன்றைக்கும் வாயில் அடிபடுவது ஏப்ரலில் நடந்த நியூட்ரான் விண்மீன் பேச்சுதான், அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நியூட்ரான் விண்மீன் என்பது ஒரு பெரிய விண்மீன் வெடித்தபின் சுருங்கி மிஞ்சும் உருண்டை. சூரியனைவிட அதிக நிறை, ஆனால் நம் தீவுக்குள் போட்டாலும் சுற்றி இடம் மிஞ்சும். பக்கத்தில் துணை விண்மீன் நெருங்கி இருந்தால் அதன் வாயுவை இழுத்துக்கொள்கிறது. அந்த வாயு தட்டுபோல் வட்டமடித்து விழும்போது கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ் கதிர் வீசுகிறது. 1995 டிசம்பரில் ஏவிய ரோஸி என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் பதிவுகளில், 1998இல், இப்படி ஒன்று நொடிக்கு 401 முறை சுழல்வது தெரிந்தது. காந்த துருவத்தில் வாயு விழுந்து சூடேறும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் நம் பக்கம் திரும்புகிறது, அதுதான் துடிப்பு.

401 என்றதும் யாருக்கும் உறைக்கவில்லை. கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கும் அக்கா, போனில் 401 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 401 அதிர்வு உள்ள ஒலியை வைக்கச் சொல்லி, கண்ணை மூடி ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். “ஐந்து கட்டையைத் தாண்டிவிட்டது, ஐந்தரைக்கு வரவில்லை” என்றார். அப்புறம் மண்டபம் முழுக்க அந்தச் சுருதியை முனகிக்கொண்டிருந்தது, கத்தோ பிமா என்ற மிளகாய் வடைத் தட்டும் அப்போதுதான் வந்தது.

விருச்சிகத்தில் இருக்கும் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் விண்மீன் வேறு ரகம். 1996இல் அதில் கண்ட வேகத் துடிப்புகள் சுருதியில் நிற்பதே இல்லை, ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. அதைச் சுற்றும் வாயுத் தட்டின் உள்விளிம்பில் வாயு அவ்வளவு வேகமாகச் சுற்றுவதால் என்பது பலர் கருத்து, முழு விளக்கத்துக்கு இன்னும் சண்டைதான். எனக்கு அக்காவின் 401ஐவிட இதுதான் பிடித்தது.

ஜூலையில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 நம் உச்சிக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே, அனுஷத்துக்குச் சற்று வடக்கே வரும். எக்ஸ் கதிரைக் காற்று விடாது, கண்ணுக்கும் ஒளி பற்றாது என்று தெரிந்தும் 11 பேர் பாயை விரித்துப் படுத்து அந்த வெறும் இடத்தையே பார்த்தோம். பக்கத்து மைதானத்து விளக்குகளை அன்று ஒருநாள் அணைக்கச் சொல்லி இரண்டு கடிதம் போட்டோம், பதில் இல்லை.

கடைசியாக ஒன்று: ஆர்மோனியத்தை இரவல் வாங்கிப் போனவர் தயவுசெய்து கோவிலில் திருப்பிக் கொடுத்துவிடவும், அக்கா என்னைத்தான் கேட்கிறார்.