பல் போனால் சொல் மட்டுமா போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் உடல்நலம் பற்றி எழுதுபவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வாயை மட்டும் மறந்துவிடுகிறார்கள். 'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். போவது சொல் மட்டும் அல்ல.

சர்க்கரை நோயும் ஈறு நோயும் கூட்டாளிகள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். இதய நோயோடும் தொடர்பு தென்படுகிறது. ஆனால் ஈறுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வாய் வறட்சி. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் காரணம் மாத்திரைதான். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கும். கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை மட்டுப்படுத்துவதே உமிழ்நீர்தான். அது வற்றினால், ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்வேர் எளிதில் சொத்தையாகும். அங்கே எனாமல் காப்பு கிடையாது. அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், பல்செட். இரவில் கழற்றாமல் தூங்கினால் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு அதிகம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கோ வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவே வரலாம். அவர்களைக் குளிப்பாட்டுகிறோம், துணி மாற்றுகிறோம். பல் துலக்கிவிட எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்