ஐந்து ரோட்டுக்கு ஐந்து பச்சை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் 2020-ல் திறக்கப்பட்டது. ஆனாலும் திரும்புகிற வண்டிகளுக்கும் நடந்து கடப்பவர்களுக்கும் கீழ்த்தளம்தான் வழி. இதுபோல நாலுக்கு மேல் சாலைகள் கோணலாகச் சேரும் சந்திப்பில் கூட்டம் கூடினால், 'எங்கள் பக்கம் பச்சையைக் கூட்டுங்கள்' என்ற கோரிக்கை உடனே எழும். அப்படிக் கூட்டினால் மற்ற நான்கு பக்கமும் வரிசை நீளும். குறைக்க வேண்டியது பச்சை மாறும் தடவைகளை.

ஒவ்வொரு மாற்றத்திலும் குறைந்தது 4 விநாடி வீணாகும். ஐந்து சாலைக்கும் தனித்தனிப் பச்சை என்றால், எல்லாச் சாலைக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் ஒரு சுற்றுக்கு 20 விநாடி. ஒரு சுற்று எத்தனை விநாடி இருக்க வேண்டும் என்று கணக்கிடும் வெப்ஸ்டர் சூத்திரப்படி, வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்ட வேண்டும். 1-லிருந்து சாலைச் சுமைகளின் கூட்டுத்தொகையைக் கழித்து, வந்த மீதியால் அதை வகுக்க வேண்டும். சுமை என்பது, வந்து சேரும் வண்டிகளுக்கும் அந்தச் சாலை முழுப் பச்சையில் வெளியேற்றக்கூடிய வண்டிகளுக்கும் உள்ள விகிதம். எடுத்துக்காட்டாக 0.22, 0.20, 0.14, 0.10, 0.06 என்று வைத்தால் சுற்று 125 விநாடி. எதிரெதிரே வரும் முதல் இரண்டையும் ஒரே பச்சையில் விட்டால் பெரிய சுமையை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். மாற்றங்கள் நான்காகி வீணாவதும் 16 விநாடியாவதால், சுற்று 60 விநாடியாகக் குறையும். அந்த இரண்டிலும் வலப்பக்கம் திரும்புவதைத் தடுத்து, 150 - 200 மீட்டர் தள்ளி யூ டர்ன் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பக் காத்திருக்கும் ஒரே ஒரு கார் பின்னால் வருகிற அத்தனை பேரையும் நிறுத்திவிடும்.

கை வைக்கவே கூடாதது, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளி. மஞ்சள் முடிகிற நொடியில் கோட்டைத் தாண்டிய 12 மீட்டர் பஸ், 30 கி.மீ. வேகத்தில் 40 மீட்டர் கோணல் சந்திப்பைக் கடந்து, அதன் பின்பக்கமும் வெளியேற 6 விநாடிக்கு மேல் ஆகும். அடுத்த பச்சையில் கிளம்பும் டூவீலரோ 2 விநாடியில் நடுவில் நிற்கும். ஆக 4 விநாடியாவது முழுச் சிவப்பு தேவை. சாலைகளுக்குப் பச்சை தரும் வரிசையை மாற்றி, வெளியேறும் வண்டியின் பாதை சீக்கிரம் விலகும் பக்கத்துக்கு அடுத்த பச்சையைக் கொடுத்தால் இந்த இடைவெளியைப் பத்திரமாகச் சுருக்கலாம். வெறுமனே வெட்டினால் விபத்துதான்.

பாலத் தூண்கள் சிக்னலை மறைக்கும் இடங்களில், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு விளக்கு கட்டாயம் வேண்டும். ஸ்டாப் லைனைத் தாண்டியவுடன் பஸ் நின்றாலும் பச்சை வீண். நிறுத்தத்தை 75 மீட்டராவது தள்ள வேண்டும். 14 மீட்டர் சாலையை நடந்து கடக்க 12 விநாடி ஆகும். அதைவிடக் குறைந்த பச்சை எந்தப் பக்கமும் கூடாது.

ஒரே நேர அட்டவணை நாள் முழுக்க ஓடக்கூடாது. சேலத்தின் இன்னொரு சந்திப்பான அஸ்தம்பட்டியில் வேலை நாள் காலைக்கும், ஏற்காடு போகிற வண்டிகள் சேரும் ஞாயிறுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். கோடை விழா நாட்களுக்கு இன்னொன்று. மாநகர் போக்குவரத்துக் காவல் துறை ஒவ்வொரு சாலையிலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வண்டிகளை எண்ணி, பச்சை முடியும்போது வரிசையில் எத்தனை மிச்சம் என்பதையும் குறித்து, அதன்பிறகு நேரத்தை அமைக்க வேண்டும்.

- போக்குவரத்துப் பொறியாளர்கள் சிலர், சேலம்.