முடிவை நெருப்பிடம் விட்டது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழோடு முடிந்த உங்கள் தொடர்கதையைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவின் மொன்டானா மலைக்காடுகளில் தீயை அணைக்கப் பாராசூட்டில் குதிக்கும் மூன்று நண்பர்களின் கதை. இரண்டு ஆண்கள், ஒரு பெண். இருவருக்குமே அவள் மேல் காதல். அவளுக்கு மூத்தவன் மேல் பிரியம், இளையவன் மேலும் ஏதோ ஒன்று. கடைசி அத்தியாயத்தில் மூத்தவனைத் தீ கொண்டுபோய்விடுகிறது. சாகும்போது நண்பனின் கையைப் பிடித்து, "அவளைப் பார்த்துக்கொள்" என்கிறான். நண்பனைப் புதைத்துவிட்டு இளையவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

அழுதுகொண்டேதான் படித்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து கோபம் வந்தது. இத்தனை நுணுக்கமாக ஒரு முடிச்சைப் போட்டவர், அதை அவிழ்க்கும் வேலையை மட்டும் நெருப்பிடம் கொடுத்துவிட்டாரே என்று.

முதலில், கதாசிரியரைப் பாராட்ட வேண்டிய இடம். இரண்டாவது அத்தியாயத்தில் விமானக் கதவருகே நடக்கும் காட்சியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'ஸ்மோக்ஜம்பர்' எனப்படும் இந்த வீரர்கள் குதிப்பதற்கு முன், விமானத்தில் இருக்கும் வழிகாட்டி வண்ணக் காகித நாடாக்களைக் கீழே விட்டு, அவை எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படுகின்றன என்று பார்த்துக் காற்றைக் கணிப்பார். குதிப்பவர்கள் கெவ்லர் என்ற உறுதியான செயற்கை இழையால் ஆன தடித்த உடையில் இருப்பார்கள். மரக்கிளை குத்தாமல் இருக்கக் கழுத்தை மூடும் உயரமான காலர், முகத்துக்குக் கம்பிவலை போட்ட ஹெல்மெட். மரத்தில் சிக்கிக்கொண்டால் இறங்குவதற்குக் கால் பையில் ஒரு நீளக் கயிறு. இத்தனையும் சரியாக இருக்கிறதா, பட்டைகள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று ஒருவரை ஒருவர் தொட்டுச் சரிபார்த்துக்கொள்வார்கள். அந்தச் சோதனையில் அவளுடைய விரல்கள் மூத்தவனின் கொக்கியில் ஒரு கணம் கூடுதலாக நிற்கின்றன, இளையவன் அதைப் பார்த்துவிடுகிறான். பேச்சே கிடையாது, என்ஜின் சத்தம்தான். அங்கேயே எனக்குக் கதை தொடங்கிவிட்டது.

இன்னொன்றையும் யோசித்தேன். இந்த வீரர்கள் பெரும்பாலும் இரண்டு இரண்டு பேராகத்தான் குதிக்கிறார்கள். மூன்று பேர் உயிர் நண்பர்களாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒருவர் வேறு யாருடனோ குதித்தாக வேண்டும். முக்கோணக் காதலுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்குமா என்று தெரியவில்லை. கதாசிரியர் இதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றுதான் நம்புகிறேன்.

அப்புறம் ஒரு சின்னக் குறை. காட்டுத்தீ என்றதும் தீப்பிழம்புக்கு எதிரே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உள்காட்டில் பல நேரம் தண்ணீரே இருக்காது. தீயின் வழியில் புதரை வெட்டி, சருகையும் வேரையும் வழித்தெடுத்து, வெறும் மண் தெரியும்வரை சுரண்டி ஒரு கோடு போடுவார்கள். எரிய எதுவும் இல்லாத இடத்தில் தீ நிற்கும் என்பதுதான் கணக்கு. கையில் இருக்கும் கருவியின் பெயர் புலாஸ்கி, ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் மண்வெட்டி. 1910-இல் நடந்த பெருந்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துப்போய்ப் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயர் அது. தீ அடங்கிய பிறகும் வேலை முடியாது. கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று ஓரம் முழுக்கத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். சூடு தெரிந்தால் தோண்ட வேண்டும், கிளற வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். அலுப்பான வேலை, நாள்கணக்கில் நீளும். பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டு, முகமெல்லாம் கரியாக, தூக்கமில்லாமல், எதையாவது பேசிக்கொண்டே செய்யும் வேலை. இப்படிப்பட்ட காதல் வளர்வது இங்கேதான், பிழம்புக்கு நடுவே இல்லை. கதையில் இதற்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கலாம்.

சரி, என் மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

காட்டுத்தீயில் யார் சாகிறார்கள் என்பதைச் சரிவும் காற்றும் காய்ந்த புல்லும் மனிதர்கள் எடுத்த முடிவுகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கதையில் மூத்தவன் சாவதற்கு இப்படி எந்தக் காரணமும் இல்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் குறைய வேண்டும், அவ்வளவுதான். உண்மையான மரணங்கள் இத்தனை இருக்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு மரணத்தை இவ்வளவு வசதியாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

1949 ஆகஸ்ட் 5 அன்று இதே மொன்டானாவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பாராசூட்டில் இறங்கிய 15 பேரும், தரையில் அவர்களோடு சேர்ந்துகொண்ட வனத்தீக் காவலர் ஒருவரும் இருந்தார்கள். தீ பள்ளத்தாக்கைத் தாண்டி அவர்களுக்குக் கீழே வந்துவிட்டது. சரிவில் மேல்நோக்கிப் போகும் தீ மனிதனைவிட வேகமானது. ஓடிப் பயனில்லை என்று புரிந்துகொண்ட தலைவர் வாக் டாட்ஜ் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தனக்கு முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தினார். அது எரிந்து முடிந்த சாம்பலில் படுத்துக்கொண்டால் பெருந்தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது, சுற்றிக்கொண்டு போய்விடும். மற்றவர்களையும் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார். ஒருவர்கூட வரவில்லை. டாட்ஜ் பிழைத்தார். பாறை இடுக்கு வழியாக மேட்டைத் தாண்டிய இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற 13 பேரும் இறந்துபோனார்கள். அவர்கள் ஒன்றாகவே வேலை செய்து பழகிய குழு அல்ல, முறைப்பட்டியலில் யார் பெயர் வந்ததோ அவர்கள் விமானம் ஏறியிருந்தார்கள். பெருந்தீயைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் இன்னொரு தீயைப் பற்றவைக்கும் மனிதரை, அந்த ஒரு நொடியில், எதை வைத்து நம்புவது?

இதைத்தான் நான் கதாசிரியர் முன் வைக்க விரும்புகிறேன். அவருடைய இரண்டு நண்பர்களும் ஒருவரை ஒருவர் அப்படி நம்பக்கூடியவர்கள். "வா" என்றால் ஏன் என்று கேட்காமல் சாம்பலுக்குள் பாயக்கூடியவர்கள். அந்த நம்பிக்கைக்கு நடுவே ஒரு பெண்ணின் மேல் இருக்கும் ஆசை வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது மூத்தவன் "வா" என்கிறான், இளையவன் ஒரு நொடி தயங்குகிறான். அந்த ஒரு நொடியில் இருக்கும் பயங்கரம், அவன் பிழைத்துவிட்டாலும், அந்த மூன்று பேரையும் ஆயுசுக்கும் விடாது. யாரையும் கொல்லாமலே கதை உச்சத்துக்குப் போயிருக்கும். கையில் இருந்த வைரத்தைக் கதாசிரியர் கீழே வைத்துவிட்டார்.

காட்டுத்தீயில் ஆட்களைச் சாகடிப்பதில் பேச்சு அறுந்துபோவதற்கும் பெரிய பங்கு உண்டு. கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 1994 ஜூலை 6 அன்று 14 பேர் இறந்தார்கள். காற்று பலமாக மாறப்போகிறது என்ற எச்சரிக்கை வானிலைத் துறையிடம் இருந்தது. மலையில் கோடு வெட்டிக்கொண்டிருந்தவர்களின் காதுக்கு அது போய்ச்சேரவில்லை. காவல் பார்க்க ஆள், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம் ஆகிய நான்கும் இல்லாமல் வேலையைத் தொடங்கக்கூடாது என்பது இன்று இவர்களுக்கு அடிப்படைப் பாடம். கட்டளையைத் தெளிவாகச் சொல், அது புரிந்ததா என்று உறுதி செய்துகொள் என்பதும் அவர்களுடைய பத்துக் கட்டளைகளில் ஒன்று. இப்போது நம் கதைக்கு வாருங்கள். மூன்றாவது அத்தியாயத்திலிருந்து இரண்டு நண்பர்களும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். கண்ணைப் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள், வாக்கி டாக்கியில் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. வீட்டில் இது வெறும் மனக்கசப்பு. அந்த மலையில் அது ஆபத்து, குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து. தலைவருக்குத் தெரிந்தால் அவர்களில் ஒருவரை வேறு குழுவுக்கு மாற்றுவாரா? அந்தப் பெண்ணையே மாற்றிவிடுவாரா? மாற்றினால் அது நியாயமா? இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட கதையில் எழவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் அத்தியாயத்தில் அவள் செயின்சாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறாள். நான்காவது அத்தியாயத்துக்கு வரும்போது முகாமில் காத்திருக்கும் பெண்ணாகிவிடுகிறாள். எப்படி, எப்போது என்று கதை சொல்வதில்லை. கடைசியில் ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போகிறாள். இந்தத் தொழிலில் பெண்கள் அவ்வளவு சுலபமாக உள்ளே வரவில்லை. முதல் பெண் ஸ்மோக்ஜம்பரான டியான் ஷுல்மன் எடை குறைவு என்று பயிற்சியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். புகார் கொடுத்துப் போராடி, 1981-இல் பயிற்சியை முடித்துக் காட்டினார். அவருக்குப் பின் வந்தவளாகத்தானே இந்தப் பெண்ணும் இருக்க முடியும்? "அவளைப் பார்த்துக்கொள்" என்ற வார்த்தையைக் கேட்டு அவள் என்ன நினைத்தாள்? இரண்டு பேரில் யார் என்று அவள் முடிவு செய்திருந்தாளா, அல்லது இருவருமே வேண்டாம், நட்பு போதும் என்று நினைத்திருந்தாளா? ஐந்து அத்தியாயத்தில் ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. எனக்கு அதிகம் வலித்தது மூத்தவனின் சாவைவிட இதுதான்.

பிழைத்தவர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னல் ஹில் தீயில் 20 பேர் கொண்ட ஒரு குழுவில் 19 பேர் இறந்தார்கள். காவல் பார்ப்பதற்காக வேறு இடத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒருவர் மட்டும் மிஞ்சினார். அப்படி மிஞ்சுகிறவர் சுமக்கும் பாரத்தை நினைத்துப் பாருங்கள். நம் கதையில் இளையவன் நண்பனைப் புதைத்த அதே அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நண்பன் செத்ததால் தனக்குக் கிடைத்த கை அது. ஒரு மனிதனால் அதை அவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடியுமா? உள்ளுக்குள் எங்கேயோ ஒரு கணம் தான் இதை விரும்பினோமோ என்ற சந்தேகம் அவனைத் தூங்கவிடுமா?

இரண்டாம் பாகம் வரும் என்று கதையின் அடியில் போட்டிருந்தீர்கள். கதாசிரியருக்கு என் வேண்டுகோளைத் தயவுசெய்து சேர்ப்பியுங்கள். அவளை மறுபடி மலைக்கு அனுப்பட்டும். அவளும் இளையவனும் ஒரே விமானத்தில் இருக்கட்டும், அவனுடைய பட்டைகளை அவள் சரிபார்க்க வேண்டிய முறை வரட்டும். "அவன் உன்னிடம் சொன்னதை நீ ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்று அவள் கேட்கட்டும். அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த முறை நடுவில் தீயைக் கொண்டுவந்து அவனைக் காப்பாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி