செயலாளர் அறிக்கை 2024–2025: பாரும் தவறணையும் எங்கட கிணத்துத் தண்ணியும்

தலைவர் அண்ணைக்கும் அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில பார், றெஸ்டோரண்ட், தவறணை (கள்ளுக்கடை) நடத்திற எங்கட சங்கத்தின்ர ஆண்டறிக்கை இது. வாசிக்கேக்க பின் வரிசை எழும்பிப் போறது வழமை எண்டதால இந்தமுறை எழுத்திலயும் தாறன்.

நிர்வாகக் கூட்டங்கள் பார் எல்லாம் பூட்டிற போயா (பூரணை) நாளில வைச்சபடியால்தான் ஆக்கள் வந்தவை, மற்ற நாளில கல்லாவை விட்டிட்டு ஆர் வருவினம்.

இந்த வருசம் கூடக் கதைச்சது சுற்றுச்சூழல் விசயம்தான். முதல்ல ஸ்ட்ரோ கதையை முடிச்சிடுறன். பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, கலக்கிற குச்சி, கரண்டி எல்லாம் 2023 ஒக்ரோபர் 1 இல இருந்து நாடு முழுக்கத் தடை, சோறு சுத்திற லன்ச்சீற்றும் சாப்பாடு கட்டிற றெஜிபோம் பெட்டியும் 2017 இலயே தடை. அதால "நாங்கள் ஸ்ட்ரோவை நிப்பாட்டிட்டம்" எண்டு வாசலில போர்ட் போடுறதில ஒரு பெருமையும் இல்லை, அது சட்டம். தவறணைக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கினம், பனையோலைப் பிளாவில கள்ளு வார்த்த காலத்தில எறியிறதுக்கு எண்டு அவையிட்ட என்ன இருந்தது, ஆனா இப்ப பிளா கோலத் தெரிஞ்ச ஆக்களும் குறைஞ்சு போச்சு. கள்ளுச் சீசனில எண்டாலும் திரும்பப் பிளாவில குடுப்பம் எண்டு சொல்லியிருக்கினம், பாப்பம்.

எனக்குப் பெரிய விசயம் தண்ணிதான். குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, கீழ சுண்ணாம்புக்கல்லு, மேல ஊத்துறது வெடிப்புக்குள்ளால இறங்கி நிலத்தடித் தண்ணியோட சேந்திடும், நாங்கள் என்னடா எண்டால் பைற்ஸ் (குடியோட கொறிக்கிற சாப்பாடு) பொரிச்ச எண்ணெய், கிளாஸ் கழுவின சவர்க்காரத் தண்ணி எல்லாத்தையும் பின்வளவுக் குழிக்குள்ள விட்டிட்டு முன்வளவுக் கிணத்தில அள்ளுறம். 2014, 2015 இல சுன்னாகப் பக்கம் கிணறுகளில எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை மறந்திட்டமே? தாளையடியில 2024 இல கடல்தண்ணியை நல்லதண்ணியாக்கிற நிலையம் திறந்தாச்சுத்தான், அதுக்காகக் கிணத்தைக் கைவிடேலுமே.

அதால எல்லாரும் கிறீஸ் ட்ராப் கட்டுறது எண்டு முடிவெடுத்தம். பெரிய வித்தை ஒண்டும் இல்லை, குசினித் தண்ணி முதல்ல அறை பிரிச்ச தொட்டிக்குள்ள போகும், சூடு ஆற எண்ணெய் மேல மிதக்கும், சோத்துப் பருக்கை அடியில படியும், நடுவில நிக்கிற தண்ணி மட்டும் அடுத்த அறைக்குப் போகும். ஆனா மேல கட்டிற கொழுப்பைக் கிழமைக்கொருக்கா அள்ளோணும், கட்டிப்போட்டு மூடியைத் திறந்தே பாக்காத கடையளும் இருக்கு, பேர் சொல்லேல்லை, பக்கத்தால போனா மூக்கே சொல்லும்.

கரண்ட் விசயம்: போத்தல் குளிரூட்டியைச் சுவரோட ஒட்டி வைக்காதேங்கோ, பின்னால காத்து ஓடாட்டி கொம்பிரஸர் நிக்காமல் ஓடும், கதவு றப்பர் கிழிஞ்சாலும் அதே கதை. கதவைத் திறந்துவைச்சு ஏசி போடுறது றோட்டைக் குளிராக்கிற வேலை. சோலார் போட்ட ஆக்களுக்குப் பகல் உற்பத்தி கரண்ட் லைனுக்குப் போய் இரவுப் பாவனையில கழிபடுது, இராத்திரியில ஓடுற எங்கட தொழிலுக்கு இது நல்லாப் பொருந்தும். 2022 இல 13 மணித்தியாலக் கரண்ட் கட்டில ஜெனரேற்றருக்கு டீசல் தேடின ஆக்களுக்கு விளங்கும்.

பியர் போத்தல் திரும்பிப் போய்க் கழுவி நிரப்புப்படும், வெளிநாட்டு வைன் போத்தல்தான் வளவுகளில குவியுது, அதுக்கு இன்னும் வழி காணேல்லை.

பழைய எண்ணெயை றோட்டோரப் பொரியல் கடையளுக்கு விக்கிறதை நிப்பாட்டி, சவர்க்காரம் செய்யிற ஒருத்தரிட்டச் சேத்துக் குடுக்கக் கதைச்சிருக்கு. அந்த எண்ணெய் சேக்கிற பரலை எந்தக் கடை வளவில வைக்கிறது எண்டதை இண்டைக்கு முடிவெடுக்கோணும், என்ர வளவில இடமில்லை எண்டதை இப்பவே சொல்லிப்போடுறன். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார், சந்தா பாக்கிக்காரர் அதுக்கு முதல் எழும்பிப் போயிடாதேங்கோ.