தாய் நாயின் குணத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய் இனப்பெருக்கம் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண் நாயின் வம்சாவளி, வாங்கிய பரிசுகள், எலும்பு வாகு, நிறம் என்று நாலு பத்தி. பெட்டைக்கு ஒரே வரி: ஆரோக்கியமாகவும் தடுப்பூசி போட்டதாகவும் இருக்க வேண்டுமாம். இருக்கட்டும், வேண்டியதுதான். அதன் குணத்தை யார் பார்ப்பது? ஆண் நாய்க்கு மிஞ்சிப்போனால் அரை மணி நேர வேலை. பெட்டைதான் ஒன்பது வாரம் சுமக்கிறது, அப்புறம் இரண்டு மாதம் குட்டிகளோடு கிடக்கிறது. ஆளைக் கண்டால் வாலாட்டுவதா, ஓடி ஒளிவதா என்று குட்டி முதலில் பார்த்துக்கொள்வது தாயைத்தான்.

நான் டாக்டர் இல்லை. நாய் வளர்ப்பவள். தெரிந்தவர்கள் வீட்டில் நாய் குட்டி போடும் சமயம் கூப்பிட்டால் துண்டும் தெர்மாமீட்டருமாகப் போய் ராத்திரி முழுக்க உட்காருகிறவள். போன இடத்திலெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு ஒன்று உண்டு: "கொஞ்சம் பயந்த சுபாவம். ஒரு ஈத்து போட்டால் சரியாகிவிடும்." ஆகாது. இல்லாத தைரியத்தைச் சினை கொண்டுவந்து கொடுக்காது. பிரசவத்தில் வலி இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, ஹார்மோன்கள் ஏறி இறங்குகின்றன. ஏற்கெனவே மிரளும் நாய் அதில் இன்னும்தான் மிரளும்.

ஒரு வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை. அப்படி ஒரு அழகு. அழைப்பு மணி அடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். வந்தவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாலும் வெளியே வராது. குனிந்து பார்த்தால் காது இரண்டும் பின்னால் ஒட்டி, வால் வயிற்றோடு சுருண்டு, கண்ணில் வெள்ளை தெரியும். "ரொம்ப சாது, யாரையும் ஒன்றும் செய்யாது" என்பார் வீட்டுக்காரர். தப்பிக்க இன்னும் இடம் இருந்ததால் ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அது குட்டி போட்ட அன்று நான் இருந்தேன். இரண்டு குட்டி நல்லபடியாக வந்தன. அந்த நேரம் பார்த்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள். வலி நின்றுபோனது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பை சுருங்குவதைத் தடுக்கும். எல்லாரையும் வெளியே அனுப்பி, விளக்கைக் குறைத்துக் காத்திருந்தும் வலி திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு ஓடி, அறுவை சிகிச்சை செய்துதான் மற்றக் குட்டிகளை எடுக்க முடிந்தது. அறுவைக்குப் பிறகு நல்ல தாய்கூட மயக்கம் தெளியும்வரை குட்டியை அடையாளம் தெரியாமல் தடுமாறும். அந்த நேரத்தில் குட்டியோடு அதைத் தனியாக விடக்கூடாது. ஆனால் இது நாள் கணக்காகியும் குட்டி நெருங்கினால் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. இல்லாவிட்டால் ஒன்றைக் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்தது, ஒளித்து வைக்க இடம் தேடி. பிறந்த குட்டிக்குத் தாய் நக்கிவிடாமல் மூத்திரம்கூடப் போகாது. உடம்புச் சூட்டையும் தானாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. அந்த வீட்டு அம்மாதான் புட்டிப்பால் கொடுத்து, ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டு, ராப்பகலாக உட்கார்ந்து வளர்த்தார்.

அந்த நாய்க்கு இது வரும் என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஹீட் (பெட்டை இணை சேரும் பருவம்) வந்துவிட்டது, கிராஸ் பண்ணிவிடலாம் என்று முடிவு செய்த பிறகு யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எப்போது பார்ப்பது? முதல் ஹீட்டில் இணை சேர்க்கவே கூடாது. உடம்பு வளர்ந்தாலும் நாயின் குணம் ஒரு நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு வயது ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும். ஹீட்டில் இருக்கும்போது பார்ப்பதும் வீண். ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சிலதுக்குப் பொய்ச் சினை வரும்: மடியில் பால் கட்டும், பொம்மையைக் குட்டி மாதிரி காவல் காக்கும், எப்போதும் இல்லாத உறுமல் உறுமும். அதை வைத்தும் தீர்ப்பு சொல்லாதீர்கள். அப்புறம், உடம்பில் வலி இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும். காதில் சீழ், இடுப்பு மூட்டுக் கோளாறு, தைராய்டு குறைபாடு எல்லாம் குணக்கேடு மாதிரியே தெரியும். முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் குணத்தைப் பேச வேண்டும்.

எங்கே பார்ப்பது என்பதும் முக்கியம். சொந்த வீட்டில், எஜமானர் காலடியில் எல்லா நாயும் தங்கம்தான். பழக்கமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போய், நாய் அறிந்திராத ஒருவர் கையில் வாரைக் கொடுத்துவிட்டு நீங்கள் கண்ணில் படாமல் நின்று பாருங்கள். நான் பார்க்கப் போனால் கையோடு ஒரு எவர்சில்வர் மூடி எடுத்துப் போவேன். நாய்க்குக் கொஞ்சம் தள்ளி, அது வேறெங்கோ பார்க்கும்போது மூடியைக் கீழே போடுவேன். திடுக்கிடத்தான் செய்யும். திடுக்கிடாவிட்டால் காது கேட்கிறதா என்றுதான் சந்தேகப்பட வேண்டும். நான் கவனிப்பது அதற்குப் பிறகு. நல்ல பெட்டை பின்வாங்கி, நின்று, மூடியைப் பார்த்து, கழுத்தை நீட்டி மோந்து பார்க்க வரும். ஒரு நிமிஷத்துக்குள் பழைய மாதிரி ஆகிவிடும். மற்றது இடத்தைவிட்டு ஓடும், அல்லது உறைந்துபோய் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்தும் அந்தப் பக்கமே திரும்பாது. இந்த இரண்டாவது ரகத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் இணை சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கேட்பவர்கள் குறைவு.

அடுத்து, வேறொருவர் கை அதன் அடிவயிற்றிலும் காம்புகளிலும் வாலடியிலும் படும்போது என்ன செய்கிறது? உடம்பு கல்லாக இறுகினாலே பதில் கிடைத்துவிட்டது, கடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிரசவத்தன்று நம் கை அங்கேதான் போகும். தின்னும் தட்டருகே ஆள் போனால், மற்ற நாய் போனால், எப்படி என்பதையும் பாருங்கள். தட்டையே விட்டுத்தராத நாய் குட்டிப் பெட்டியருகே யாரை விடும்?

வாசலில் வருகிறவர் போகிறவரைப் பார்த்துக் குரைப்பது குற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெட்டை ஊரையே கூட்டும். ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தால் காலடியில் படுத்துத் தூங்கிவிடும். அது போட்ட குட்டிகள் எல்லாம் குழந்தைகள் உள்ள வீடுகளில் இருக்கின்றன. கண்காட்சி வளையத்தில் ஆடாமல் அசையாமல் நிற்பதையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது பழக்கிய வித்தை. தாயையும் கூடப்பிறந்ததுகளையும் போய்ப் பார்ப்பது அதைவிட உபயோகம்.

பயம் ரத்தத்தில் வரும் என்பதை நான் அனுபவத்தில் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் 1960களில் பாயின்டர் நாய்களை இரண்டு வம்சமாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்று சாதாரணமானது. இன்னொன்று மனிதர் நெருங்கினாலே விறைத்துப் போகிற வம்சம். தலைமுறைக்குத் தலைமுறை அந்தப் பயம் இறங்கியது. வளர்ப்பிலும் இறங்கும். ஸ்வீடன் ராணுவத்துக்காக வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்ட்களை வைத்து 2016இல் வந்த ஆய்வில், தாய் அதிகம் நக்கி, அணைத்துப் பார்த்துக்கொண்ட குட்டிகள் வளர்ந்தபின் மனிதரோடு நன்றாக ஒட்டின. மறு வருஷமே பார்வையற்றோர் வழிகாட்டி நாய்களைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வு: விடாமல் அணைத்துக் காத்த தாயின் குட்டிகளைவிட, நின்றபடியோ உட்கார்ந்தபடியோ பால் கொடுத்து, குட்டியைக் கொஞ்சம் எம்ப வைத்த தாயின் குட்டிகளே பயிற்சியில் அதிகம் தேறின. இரண்டும் முரண் மாதிரி தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. குட்டி கூப்பிட்டால் வரவும், கூப்பிடாதபோது எழுந்து போகவும் தெரிந்த தாய்தான் நான் பார்த்தவற்றில் நல்ல தாய். பதற்றக்காரிக்கு இரண்டும் கைவராது.

குட்டி போட்ட முதல் இரண்டு வாரம் அந்நியரைப் பார்த்துத் தாய் உறுமினால் அது இயல்பு. குட்டிக்குக் கண் திறக்கவே பத்து நாளுக்கு மேல் ஆகும், காது அதற்கும் பிறகு. அப்போது வேடிக்கை பார்க்கப் போவதே தப்பு. ஆனால் சாந்தமான நாய் பால் கொடுக்கும் நாட்களில் திடீரென்று மூச்சு வாங்கி, நிலைகொள்ளாமல் நடந்து, உடம்பு நடுங்கினால் குணம் மாறிவிட்டது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம், உயிர் போகிற விஷயம். உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. குட்டிக்கு ஐந்து, ஆறு வாரம் ஆனபிறகு போய், தாயைக் குட்டிகள் இல்லாமல் தனியாக வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். "அது உள்ளே கட்டியிருக்கிறது, கடிக்கும்" என்று பதில் வந்தால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

உங்கள் வரி விளம்பரப் பகுதியில் நாய்க்குட்டி விற்பனை என்று வருவதில் எல்லாம் தகப்பன் வாங்கிய பட்டம்தான் இருக்கிறது. தாயை நேரில் பார்க்கலாமா, கூடாதா என்று ஒரு வரி கட்டாயம் போட வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் சொல்ல உங்களால் முடியும். அடுத்த கட்டுரையைப் பெட்டையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி