வேலி எரிந்தால் முதல் வேலை விண்ணப்பம்

அன்புள்ள முருகேசு,

டெக்சாஸில் காட்டுத்தீயில் வேலி போனால் அரசு பணம் தருமா என்று உன் மருமகனுக்காகக் கேட்டிருந்தாய். தரும். ஆனால் அது பயிருக்கோ மாட்டுக்கோ அல்ல, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர. நம் ஊரில் 33 சதவீதத்துக்கு மேல் பயிர்ச்சேதம் என்று விஏஓ கணக்கெடுப்பாரே, அதோடு குழப்பிக்கொள்ளாதே. செத்த மாட்டுக்குத் தனித் திட்டம் உண்டு. இது எமர்ஜென்சி கன்சர்வேஷன் புரோகிராம், அதாவது அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம். கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் எஃப்எஸ்ஏ அலுவலகம், அதாவது அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை அலுவலகம், பார்க்கிறது. ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும் பள்ளத்துக்குக் கேட்டால் கிடைக்காது. அடிக்கடி வராத சேதமாக இருக்கவேண்டும்.

2024 பிப்ரவரி 26-ல் டெக்சாஸில் பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. அங்கே பெரிய செலவே வேலிதான். எரிந்த முள்கம்பி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். துத்தநாகப் பூச்சு போயிருக்கலாம். அப்படியானால் துரு ஏறி, இழுத்துக் கட்டும்போது பட்டென்று அறுந்துவிடலாம். இரும்புக் கால்கள் பெரும்பாலும் தப்பிக்கும். மூலையில் நிற்கும் மரக்கால் மண்மட்டத்தில் வெந்துவிட்டால், அடுத்த மூலை வரை கம்பி முழுக்கத் தொய்ந்துவிடும். அதனால் கணக்கெடுக்கும்போது கம்பியின் நீளத்தோடு மூலைக்கால்களையும் எண்ணச் சொல்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மாடு ரோட்டுக்குப் போய்விடுமே என்ற அவசரத்தில் மறுநாளே கால் நட்டுவிடுவார்கள். அலுவலகத்தில் விண்ணப்பம் (எஃப்எஸ்ஏ-848) போடாமல், ஆள் வந்து பார்க்காமல் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். குழி தோண்டினாலே சுற்றுச்சூழல் சரிபார்ப்பு வரும். பழைய வேலி ஓடிய தடத்திலேயே போட்டால் தலைவலி குறைவு. அவசரம்தான் என்றால் முதலில் போன் செய்து, என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு தொடட்டும்.

பணம்: ஒப்புக்கொண்ட செலவில் 75 சதவீதம் வரை. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், வசதி குறைந்தவர் போன்றோருக்கு 90 வரை. ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு உச்சவரம்பு 5 லட்சம் டாலர். வேலி 30,000 டாலர் ஆகிறது என்று வை; அரசு பங்கு 22,500. வேலிக்குக் கால்பங்கு வரை முன்பணமாகக் கேட்கலாம். ஆனால் 60 நாளுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பித் தரவேண்டும். மீதி வேலை முடிந்து பில் காட்டிய பிறகுதான். அதுவரை கடைக்காரனுக்கு யார் கொடுப்பது? அதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை என்பேன். முன்பு இருந்ததைவிட உசத்தியான வேலி போட்டால் கூடுதல் செலவு உன் மருமகன் கையிலிருந்து.

சொந்த உழைப்பையும் டிராக்டர் ஓட்டத்தையும் செலவாகக் காட்டலாம். தேதி, மணி, என்ன வேலை என்று அன்றன்றைக்கு நோட்டில் எழுதச் சொல். கம்பிக்கடை ரசீது வெளுத்துப்போகும் தாளில் வரும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவைக்கட்டும்.

அன்புடன்,
சண்முகம்